டெஸ்க்டாப் மென்பொருளுக்கு இணைய வசதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியில் நிறுவி இயக்கும் மென்பொருள்களில் மின்னஞ்சல், கோப்புப் பரிமாற்றம், இணையச் சேவைகளுடன் தொடர்பு முதலிய வசதிகளைச் சேர்க்க உதவும் காம்பொனென்டுகள் எனப்படும் ஆயத்த நிரல் பகுதிகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: டெல்ஃபி என்னும் நிரலாக்கக் கருவியில் எழுதிய இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்பவும், விலைப்பட்டியலை சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளவும் பயனர்கள் இப்போது வசதி கேட்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் கட்டளைகள் எளிமையாகத்தான் தெரிகின்றன. சாக்கெட்டைத் திறந்து நானே எழுதிவிடலாமா, அல்லது ஆயத்தக் காம்பொனென்டைப் பயன்படுத்துவது நல்லதா?

பதில்: எழுத முடியும், ஆனால் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. 1983-இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் வந்த சாக்கெட் இடைமுகமும், அதையொட்டி 1993-இல் விண்டோஸுக்காக வகுக்கப்பட்ட வின்சாக் 1.1-உம் நமக்குக் கொடுப்பவை, இரண்டு கணினிகளுக்கு இடையே பைட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேரும் ஒரு பாதையை மட்டுமே. அந்தப் பைட்டுகளில் ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவற்றைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறைக்குத் தெரியாது. ஒரே அழைப்பில் அனுப்பிய 1000 பைட்டுகள் மறுமுனையில் 600, 400 என இரண்டு தவணையாக வந்து சேரலாம். தனித்தனியாக அனுப்பிய இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே தவணையாகவும் வரலாம். நிரலர் தம்முடைய கணினியிலேயே சர்வரையும் வைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. பயனரின் வேகம் குறைந்த இணைப்பில்தான் வெளிப்படுகிறது.

எஸ்எம்டிபி எளிமையாகத் தெரிவது உண்மைதான். அனுப்புநர் யார், பெறுநர் யார், கடிதம் என்ன என்று மூன்று கட்டளைகளில் சொல்லி முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்பது அந்த நெறிமுறையின் விதி. ஆகவே கடிதத்துக்குள் புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு வரி 998 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. இணைப்புக் கோப்புகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் பேஸ்64 முறைக்கு மாற்ற வேண்டும்; அதனால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 587-ஆம் போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாயிலில்) சாதாரண இணைப்பாகத் தொடங்கி நடுவழியில் மறையாக்கத்துக்கு மாற வேண்டும். 465-ஆம் போர்ட்டில் முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கவனித்து எழுதிய பிறகும், மறையாக்கப் பகுதிக்கு நீங்கள் வேறொருவரின் நிரலகத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். அதைச் சொந்தமாக எழுத முயல்வது ஆபத்து.

டெல்ஃபியைப் பொறுத்தவரை உங்களுக்குத் தேர்வுகள் பல உண்டு. டெல்ஃபியுடனேயே வரும் இண்டி எல்லா நெறிமுறைகளையும் தொட்டுச் செல்லும் பெரிய தொகுப்பு. ஐசிஎஸ், நிகழ்வுகளின் அடிப்படையில் இயங்குவது. சினாப்ஸ், படிவத்தில் இழுத்துவிடும் காம்பொனென்ட் வடிவில் இல்லாமல், நிரலில் சேர்த்துக்கொள்ளும் யூனிட்டுகளாகவே வருவது. 2015-இல் வந்த எக்ஸ்இ8 பதிப்பிலிருந்து டெல்ஃபியில், இணையப் பக்கங்களுக்கான நெறிமுறையான எச்டிடிபிக்கு இன்னொரு வகுப்பும் இருக்கிறது. விண்டோஸில் அது இயங்குதளத்தின் சொந்த வின்எச்டிடிபி வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. விலைப்பட்டியலை இறக்க இந்தக் கடைசி வகுப்பையும், மின்னஞ்சலுக்கு மட்டும் இண்டியையோ ஐசிஎஸ்-ஐயோ நான் தேர்ந்தெடுப்பேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை. நீங்கள் நிறுவிக் கொடுத்த மென்பொருள் பயனரின் கணினியில் அப்படியே இருக்கும். அது பேசப்போகும் சர்வரோ உங்களைக் கேட்காமல் மாறிக்கொண்டே போகும். ஆகவே எத்தனை நெறிமுறைகளை ஆதரிக்கிறது என்னும் பட்டியலின் நீளத்தைக் கொண்டு ஒரு காம்பொனென்டை மதிப்பிடாதீர்கள். விதிகள் மாறும் நாளில் அந்தப் பகுதியை மட்டும் எவ்வளவு சுலபமாகப் புதுப்பிக்க முடியும் என்று பாருங்கள். இயங்குதளத்தின் வசதியைப் பயன்படுத்தினால் அந்த வேலையில் பெரும்பகுதியை இயங்குதளமே செய்துவிடுகிறது.

கேள்வி: பதிவிறக்கம் நடக்கும்போது என் மென்பொருளின் திரை உறைந்துவிடுகிறது, தலைப்புப் பட்டையில் பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் எழுதிவிடுகிறது. காம்பொனென்டில் கோளாறா?

பதில்: காம்பொனென்டில் கோளாறு இல்லை. இண்டி போன்றவை காத்திருக்கும் வகையைச் சேர்ந்தவை; கோப்பைக் கொண்டுவா என்று அழைத்தால், கோப்பு முழுவதும் வரும் வரையிலோ பிழை நேரும் வரையிலோ அந்த அழைப்பு திரும்பாது. அந்த அழைப்பைத் திரையை இயக்கும் முதன்மை த்ரெட்டில், அதாவது நிரலின் முதன்மை இயக்க இழையில், வைத்தால், சுட்டியின் சொடுக்குகளையும் திரையை மீண்டும் வரையும் கோரிக்கைகளையும் கவனிக்க ஆள் இருக்காது. இதைச் சமாளிக்க இண்டியில் ஆன்டிஃபிரீஸ் என்று ஒரு காம்பொனென்ட் உண்டு. அதைப் படிவத்தில் வைத்தால், காத்திருக்கும் இடைவெளிகளில் திரைக்குரிய செய்திகள் கவனிக்கப்படும். சிறிய கருவிகளுக்கு அது போதும். ஆனால் பதிவிறக்கம் நடக்கும்போதே பயனர் அதே பொத்தானை மீண்டும் அழுத்தவும், சாளரத்தை மூடவும் அது வழிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

முறையான வழி, வேலையைத் தனி த்ரெட்டுக்கு அனுப்புவது. அப்படிச் செய்யும்போது, முன்னேற்றப் பட்டையை அந்தத் த்ரெட்டிலிருந்து நேரடியாகத் தொடாமல், முதன்மை த்ரெட்டிடம் செய்தியாகக் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தைப் பயன்படுத்துவோருக்கு 2012-இல் வந்த சி ஷார்ப் மொழியின் 5-ஆம் பதிப்பிலுள்ள அசிங்க், அவெய்ட் சொற்கள் இதை வெகுவாகச் சுலபமாக்கிவிட்டன. ஆனால் அவெய்ட் எழுத வேண்டிய இடத்தில் முதன்மை த்ரெட்டை நிறுத்திவைத்து விடையைக் கேட்டால், விடையைக் கொண்டுவர வேண்டியது முதன்மை த்ரெட்டுக்காகவும், முதன்மை த்ரெட் விடைக்காகவும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். இந்த முட்டுக்கட்டையைப் பற்றி வரும் கடிதங்கள் குறைவதே இல்லை.

காலவரம்பையும் நீங்களே தீர்மானித்துக் குறிப்பிடுங்கள். இணைப்பை ஏற்படுத்துவதற்கான காலவரம்பு வேறு, ஏற்பட்ட இணைப்பில் தரவுக்காகக் காத்திருக்கும் காலவரம்பு வேறு; பல காம்பொனென்டுகளில் இரண்டாவதன் இயல்பு மதிப்பு எல்லையற்றதாக இருக்கிறது. டாட்நெட்டின் எச்டிடிபி கிளையன்டில் முழுக் கோரிக்கைக்கும் இயல்பான வரம்பு 100 விநாடி; பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது மிக நீண்ட நேரம், பெரிய கோப்பை இறக்குபவருக்கோ மிகக் குறுகிய நேரம்.

கேள்வி: மென்பொருளில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இயங்கியது, திடீரென்று ஒரு நாள் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்கிறது. சில கணினிகளில் மட்டும் இயங்குகிறது. ஏன்?

பதில்: ஒரு வரியைக்கூட மாற்றாமல் இருந்ததே காரணமாக இருக்கலாம். பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0 பதிப்பு 1999-இலும், 1.1 பதிப்பு 2006-இலும், 1.2 பதிப்பு 2008-இலும், 1.3 பதிப்பு 2018-இலும் வெளியாயின. முதல் இரண்டையும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 மார்ச்சில் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8996 முறைப்படி அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே பெரிய சேவைகள் பலவும் அவற்றை மறுக்கத் தொடங்கியிருந்தன. உங்கள் காம்பொனென்டுக்கு 1.0 மட்டுமே தெரியுமானால், சர்வர் கைகுலுக்க மறுத்துவிடும். பிழைச் செய்தியில் இந்தக் காரணம் அரிதாகவே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். இணைப்பு எதிர்பாராமல் மூடப்பட்டது என்று மட்டும் வரும்.

சில கணினிகளில் மட்டும் இயங்குவது, மறையாக்கத்தை யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இயங்குதளத்தின் வசதியைப் பயன்படுத்தும் காம்பொனென்டாக இருந்தால், புதிய விண்டோஸில் புதிய டிஎல்எஸ் கிடைக்கும், பழைய விண்டோஸில் கிடைக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தை டிஎல்எல் கோப்புகளாக (நிரல் இயங்கும்போது சேர்த்துக்கொள்ளும் தனிக் கோப்புகளாக) மென்பொருளுடன் சேர்த்துக் கொடுத்திருந்தால், எந்தக் கணினியிலும் நீங்கள் கொடுத்த பதிப்புதான் பேசும். அந்தப் பதிப்புக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 இறுதியில் முடிந்தது, 1.1.1-க்கான ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. இண்டியுடன் வழக்கமாக வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் இணைப்புப் பகுதி 1.0.2 வரைதான் புரிந்துகொள்ளும்; ஆகவே அதில் டிஎல்எஸ் 1.3 கிடைக்காது. அதைப் பயன்படுத்துவோர் இப்போதே மாற்று இணைப்புப் பகுதியைத் தேடிக்கொள்வது நல்லது.

நெறிமுறை சரியாக இருந்தும், சர்வர் யாருடையது என்பதை உறுதிசெய்யும் சான்றிதழால் இணைப்பு முறியலாம். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைப் பயன்படுத்திய தளங்கள் பலவும் அந்த மூலச் சான்றிதழுக்குப் போகும் சங்கிலியை அனுப்பிக்கொண்டிருந்தன. புதிய மூலச் சான்றிதழ் கணினியில் இருந்தபோதும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 காலாவதியான பழைய பாதையையே பின்பற்றிச் சென்று, இணைப்பை நிராகரித்தது. உலாவியில் அதே முகவரி சிக்கலின்றித் திறந்ததால், நிரலர்கள் தங்கள் நிரலில் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய நேரங்களில், சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை தவறாமல் வந்து சேரும். அதைச் செய்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும் என்பது உண்மை; கூடவே பாதுகாப்பும் மறைந்துவிடும். மறுமுனையில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் மறையாக்கம் செய்வது, யாரென்று தெரியாதவரிடம் இரகசியத்தைக் காதோடு சொல்வதற்குச் சமம். டிஎல்எஸ் 1.2 மட்டும் என்று நிரலில் நிலையாக எழுதிவைப்பதும் அடுத்த முறை இதே கடிதத்தை எழுத வைக்கும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.7-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்டு தொகுத்தால், எந்தப் பதிப்பைப் பேசுவது என்னும் முடிவு இயங்குதளத்திடம் விடப்படுகிறது, அதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: பயனரின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அமைப்புகளில் வாங்கிவைத்து, அதைக் கொண்டு கடிதம் அனுப்பி வந்தேன். இப்போது கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்க மறுக்கிறது.

பதில்: கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் உள்நுழைவதைப் பெரிய சேவைகள் நிறுத்திவிட்டன. தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் அந்த வழியை மூடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அஞ்சல் பெறும் நெறிமுறைகள் பலவற்றுக்கு அதே ஆண்டு அக்டோபர் முதல் அது நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்தது ஓஆத் 2.0. அதில் பயனர் தம்முடைய கடவுச்சொல்லைச் சேவையின் சொந்தப் பக்கத்தில் மட்டும் உள்ளிடுகிறார். உங்கள் மென்பொருளுக்குக் கிடைப்பது, குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் செல்லும் ஒரு டோக்கன்.

டெஸ்க்டாப் மென்பொருள்கள் இதைச் செய்ய வேண்டிய முறையை 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8252 விளக்குகிறது. உள்நுழைவுப் பக்கத்தை மென்பொருளுக்குள் பதித்த சாளரத்தில் காட்டாமல், பயனரின் வழக்கமான உலாவியில் திறக்க வேண்டும். உங்கள் மென்பொருள் 127.0.0.1 என்னும் உள்முகவரியில் ஏதேனும் ஒரு போர்ட்டில் சிறிது நேரம் காத்திருக்கும். பயனர் சம்மதித்ததும் உலாவி அந்த முகவரிக்கு ஒரு தற்காலிகக் குறியீட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். அதைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்ளலாம். பலருடைய கணினிகளில் நிறுவப்படும் மென்பொருளுக்குள் இரகசியச் சாவி எதையும் ஒளித்துவைக்க முடியாது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். ஆகவே பிக்ஸி என்று அழைக்கப்படும் கூடுதல் சோதனையைக் கட்டாயம் சேருங்கள். ஒவ்வொரு உள்நுழைவுக்கும் புதிதாக உருவாக்கும் இரகசிய எழுத்துத் தொடரால், குறியீட்டை நடுவில் பறித்தவருக்கு அது பயன்படாமல் போகிறது.

கிடைத்த டோக்கனை ஐஎன்ஐ என்னும் சாதாரண உரைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டாம். விண்டோஸில் டிபிஏபிஐ வசதியும், மேக் கணினிகளில் கீசெயினும் இரகசியங்களைக் காப்பதற்காகவே இருக்கின்றன. அறிக்கை அனுப்புவது மட்டும்தான் தேவை என்றால் இன்னொரு வழியும் உண்டு: அறிக்கையை ஓர் அஞ்சல் கோப்பாகச் சேமித்து, பயனரின் அஞ்சல் மென்பொருளில் திறக்கச் செய்து, அவரையே அனுப்பச் சொல்லலாம். நுட்பத்தில் பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. ஆனால் உடைவதற்கும் அதிகம் இல்லை.

கேள்வி: என் மென்பொருள் அனுப்பும் கடிதங்களின் தலைப்பில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வருகின்றன. சர்வரிலிருந்து இறக்கும் தமிழ்ப் பட்டியலிலும் நூற்றில் ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் சிதைந்திருக்கின்றன. இரண்டும் ஒரே சிக்கலா?

பதில்: இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள், பிரித்துப் பார்த்தால்தான் தீரும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. தமிழ் என்னும் சொல்லைக் கண் மூன்று எழுத்தாகப் பார்க்கிறது. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். கம்பியில் போகும்போது 15 பைட்டுகள்.

கேள்விக்குறி தோன்றினால், எழுத்துகள் அனுப்பும் முனையிலேயே தொலைந்துவிட்டன என்று பொருள். தமிழுக்கு இடமில்லாத பழைய ஒற்றைப் பைட்டுக் குறியீட்டுத் தொகுப்புக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். இடம் கிடைக்காத ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாக மாறியிருக்கிறது. அதிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மாறாக, உச்சிக்குறியிட்ட இலத்தீன் எழுத்துகளும் விசித்திரமான அடையாளங்களும் வரிசையாகத் தோன்றினால், பைட்டுகள் பத்திரமாக வந்திருக்கின்றன, தவறான தொகுப்பாகப் படிக்கப்படுகின்றன என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்ய முடியும். 2008-இல் வெளியான டெல்ஃபி 2009-க்கு முந்தைய பதிப்புகளில் உரையை வைத்திருக்கும் சரங்கள் இயல்பாக ஒற்றைப் பைட்டு வகை என்பதால், உங்கள் நிரல் அக்காலத்தது என்றால் முதலில் அங்கே தேடுங்கள். புதியது என்றால், கடிதத்தின் எழுத்துத் தொகுப்பாக யுடிஎஃப்-8 என்று காம்பொனென்டிடம் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தலைப்பு வரிக்குத் தனி விதி உண்டு. மரபுப்படி அஞ்சலின் தலைப்புப் பகுதியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடங்கிய ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே செல்லும். மற்றவற்றை ஆர்எஃப்சி 2047 சொல்லும் முறையில் துண்டுதுண்டாக மாற்றிப் பொதிய வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8 என்னும் பெயரும் எல்லைக் குறிகளும் 12 இடங்களை எடுத்துக்கொண்டால், மீதியில் பேஸ்64 முறையில் 45 பைட்டுகள்தான் அடங்கும். அதாவது 15 தமிழ்க் குறியீடுகள். மேலும் ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளை இரு துண்டுகளில் பிரித்து வைக்கக் கூடாது என்பதும் விதி. ஆங்கிலத் தலைப்பை மட்டும் வைத்துச் சோதித்த காம்பொனென்டுகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வாங்குமுன், 30 எழுத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

பதிவிறக்கத்தில் ஒன்றிரண்டு எழுத்துகள் சிதைவது வேறு கதை. முதல் பதிலில் சொன்னபடி பைட்டுகள் தவணை தவணையாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு தவணையையும் வந்தவுடன் தனித்தனியாகச் சரமாக மாற்றினால், தவணையின் விளிம்பில் அகப்பட்ட எழுத்து உடைந்துபோகும்: ஒரு பைட்டு இந்தத் தவணையில், மற்ற இரண்டும் அடுத்ததில். முழுவதையும் பைட்டுகளாகவே சேர்த்துவைத்துக் கடைசியில் மாற்றுங்கள், அல்லது மிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் டீகோடரைப் பயன்படுத்துங்கள். எழுத்துக்கு ஒரு பைட்டு என்று இருக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

கேள்வி: கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி காம்பொனென்ட் என் இடத்தில் இயங்குகிறது, வாடிக்கையாளரின் அலுவலகத்தில் உள்நுழைவு மட்டும் நடக்கிறது, கோப்புப் பட்டியல் வருவதில்லை.

பதில்: 1985-இல் ஆர்எஃப்சி 959 வகுத்தபடி, எஃப்டிபி கட்டளைகளுக்கு ஓர் இணைப்பையும் தரவுக்குத் தனியாக இன்னோர் இணைப்பையும் பயன்படுத்துகிறது. ஆக்டிவ் முறையில் இரண்டாவது இணைப்பை சர்வர்தான் உங்கள் கணினியை நோக்கித் திறக்கும். அலுவலகத்தின் ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும். காம்பொனென்டில், இரண்டாவது இணைப்பையும் உங்கள் பக்கமே திறக்கும் பாசிவ் முறையைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எஃப்டிபியில் கடவுச்சொல்லும் கோப்பும் மறைக்கப்படாமலே செல்கின்றன. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இல் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டன. சர்வர் உங்கள் கையில் இருந்தால் மறையாக்கம் கொண்ட எச்டிடிபிஎஸ்-க்கோ எஸ்எஃப்டிபி-க்கோ மாறுங்கள். எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச் என்னும் மறையாக்க இணைப்பு வழியே இயங்கும் வேறு நெறிமுறை. டிஎல்எஸ் சேர்த்த எஃப்டிபியான எஃப்டிபிஎஸ்ஸுடன் அதைக் குழப்பிக்கொண்டு தவறான காம்பொனென்டை வாங்கியவர்கள் உண்டு.

அந்த அலுவலகத்தில் இணையத்துக்கு இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விண்டோஸின் இணைய வசதியான வின்இநெட், பயனரின் ப்ராக்ஸி அமைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். சொந்தமாக சாக்கெட்டைத் திறக்கும் காம்பொனென்டுகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பின்னணிச் சேவையாக இயங்கும் நிரல்களில் வின்இநெட்டைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே வின்எச்டிடிபி-தான் பொருத்தம்.

கேள்வி: விஷுவல் பேசிக் 6-இல் பயன்படுத்திய பழைய ஓசிஎக்ஸ் இணையக் காம்பொனென்டை 64-பிட் நிரலில் பயன்படுத்த முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. 32-பிட் ஓசிஎக்ஸ் 64-பிட் நிரலுக்குள் ஏறாது. அதைச் சுற்றிலும் பாலம் கட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் புதிய நிரலகத்துக்கு மாறிவிடலாம்.

கேள்வி: மென்பொருளுக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டும். பழைய வெப்பிரவுசர் கன்ட்ரோலில் பக்கங்கள் அலங்கோலமாக வருகின்றன. எதற்கு மாறலாம்?

பதில்: அந்தக் கன்ட்ரோல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் உள்ளியந்திரத்தைக் கொண்டது, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் அது 7-ஆம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும். அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10-இன் பெரும்பாலான பதிப்புகளில் முடிந்துவிட்டது. புதிய வேலைக்கு விண்டோஸில் வெப்வியூ2 பொருத்தமானது. குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தைக் கொண்ட அதை இரு வகையில் கொடுக்கலாம்: கணினியில் பொதுவாக நிறுவப்பட்டுத் தானே புதுப்பித்துக்கொள்ளும் எவர்கிரீன் வகை, நீங்களே சேர்த்துக் கொடுக்கும் நிலையான பதிப்பு வகை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் நீங்களே பொறுப்பு. ஆகவே எவர்கிரீனையே எடுங்கள். குரோமியத்தை உள்ளே கொண்ட சிஇஎஃப், எலக்ட்ரான் ஆகியவை பல இயங்குதளங்களுக்கும் உதவும், ஆனால் முழு உலாவி இயந்திரத்தையும் மென்பொருளுடன் சுமக்க வேண்டும். ஓர் உதவிப் பக்கத்தைக் காட்டுவதற்காக அவ்வளவு சுமையை ஏற்றுவது எனக்கு உவப்பாக இல்லை.

வெப்வியூ2 தன்னுடைய தரவுக் கோப்புறையை இயல்பாக உங்கள் இஎக்ஸ்இ கோப்பின் பக்கத்திலேயே உருவாக்க முயலும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாததால், உங்கள் கணினியில் ஓடிய நிரல் பயனரிடம் வெற்றுச் சாளரத்தைக் காட்டும். பயனரின் சொந்தத் தரவுக் கோப்புறையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் நிரலின் செயல்களை அழைக்கும் வழியைத் திறந்துவிட்டால், அதை உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய எச்டிடிபி கிளையன்டை உருவாக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன். சில மணி நேரத்துக்குப் பின் இணைப்புகள் கிடைப்பதில்லை.

பதில்: மூடிய இணைப்பின் போர்ட் உடனே விடுதலை ஆவதில்லை, சில நிமிடங்கள் காத்திருப்பு நிலையில் கிடக்கும். வேகமாக உருவாக்கி அழித்தால் போர்ட்டுகள் தீர்ந்துவிடும். ஒரே கிளையன்டை மென்பொருள் முழுவதும் பயன்படுத்துங்கள். டாட்நெட்டின் புதிய பதிப்புகளில், மறுபயன்பாட்டுக்காகத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளுக்கு ஆயுள் வரம்பும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வரின் ஐபி முகவரி மாறியதை அது கவனிக்காது.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் திறமூலக் காம்பொனென்ட், விலை கொடுத்து வாங்குவது, இரண்டில் எது பாதுகாப்பானது?

பதில்: விலையைக் கொண்டு பாதுகாப்பை முடிவுசெய்ய முடியாது. 1998-இல் தொடங்கிய கர்ல் திட்டத்தின் இணையப் பரிமாற்ற நிரலகமான லிப்கர்ல் இலவசமானது, அதே வேளையில் உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் நிரலகங்களுள் ஒன்று. அதிலும் 2023 அக்டோபரில் சாக்ஸ்5 ப்ராக்ஸி தொடர்பான கடுமையான ஓட்டை வெளியாயிற்று, 7.69.0 முதல் 8.3.0 வரையிலான பதிப்புகள் பாதிக்கப்பட்டன, 8.4.0-இல் திருத்தம் வந்தது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் ஹார்ட்பிளீட் ஓட்டை சர்வர்களை மட்டுமின்றி அந்த நிரலகத்தைப் பயன்படுத்திய மென்பொருள்களையும் பாதித்தது. அப்போது டிஎல்எல் வடிவில் வைத்திருந்தவர்கள் அந்தக் கோப்பை மாற்றினால் போதுமானதாக இருந்தது; இஎக்ஸ்இ கோப்புக்குள்ளேயே தொகுத்திருந்தவர்கள் மென்பொருளையே புதிதாகத் தொகுத்து விநியோகிக்க வேண்டியிருந்தது. விற்பனைக் காம்பொனென்ட் ஒன்றுக்குள் அந்த நிரலகம் மறைந்திருந்தால், அதை விற்றவர் சொல்லும் வரை அது இருப்பதே தெரியாது.

ஆகவே விலை கொடுத்து வாங்குவதானால் மூல நிரலுடன் வாங்குங்கள். விற்ற நிறுவனம் மூடப்பட்டாலும் உங்கள் வேலை நிற்காது. உள்ளே எந்தெந்த நிரலகங்கள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். திறமூலத்தில் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி வகை உரிமங்களில் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்தால் போதும். கியூடி போன்ற நிரலகங்கள் வரும் எல்ஜிபிஎல் உரிமத்தில், பயனர் அந்த நிரலகத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழி வைக்க வேண்டும். ஜிபிஎல் என்றால், விநியோகிக்கும் உங்கள் மூல நிரலையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மென்பொருளின் புதிய பதிப்பை அதுவே பதிவிறக்கி நிறுவிக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் சேர்த்தேன். சில நேரங்களில் கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகி, நிறுவ முடியாமல் போகிறது.

பதில்: மீதிப் பகுதியை மட்டும் தருமாறு நீங்கள் கேட்கிறீர்கள், சர்வர் சம்மதித்தால் 206 என்னும் நிலைக்குறியீட்டுடன் மீதியைத் தரும். ஆனால் அந்த வசதி இல்லாத சர்வரோ, நடுவில் நிற்கும் ப்ராக்ஸியோ, 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் முதலிலிருந்து அனுப்பும். குறியீட்டைப் பார்க்காமல் அதைப் பழைய துண்டின் வாலில் ஒட்டியதால்தான் கோப்பு பெருத்திருக்கிறது. 200 வந்தால் பழைய துண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள். இடைப்பட்ட நேரத்தில் சர்வரில் கோப்பே மாறியிருக்கலாம் என்பதால், முதல் முறை கிடைத்த, கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் மதிப்பை, மாறவில்லை என்றால் மட்டும் மீதியைத் தா என்னும் நிபந்தனையுடன் அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தன்னைத்தானே புதுப்பிக்கும் மென்பொருள், இணையத்திலிருந்து வரும் நிரலைப் பயனரின் கணினியில் இயக்குகிறது. மேக் மென்பொருள்கள் பலவும் பயன்படுத்தும் ஸ்பார்க்கிள் என்னும் புதுப்பிப்புக் காம்பொனென்டில் 2016-இல் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டது. புதுப்பிப்புப் பட்டியலை மறையாக்கமில்லாத எச்டிடிபி வழியே எடுத்த மென்பொருள்களில், அதே வலையமைப்பில் இருக்கும் தீயவர் தம்முடைய நிரலை நுழைக்க முடிந்தது. ஆகவே எச்டிடிபிஎஸ் கட்டாயம். அதற்கு மேல் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தையும் நிறுவுமுன் சரிபார்க்க வேண்டும். அதற்கான பொது விசை மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். கோப்பு வரும் அதே சர்வரிலிருந்து விசையையும் எடுத்தால், சர்வரைக் கைப்பற்றியவர் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவார்.